மூச்சு வாங்காத பெட்டி

பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் பேசும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு போடும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் அழுத்திய பொத்தான்கள் இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. ஆனால் நான் செய்த தப்புகள் அப்படியே இருக்கின்றன. போன மாதம் உங்களில் ஒருவர் அதில் ஒன்றைச் செய்ததாகக் கேள்விப்பட்டேன். ஆகவே தப்புகளைப் பற்றிப் பேசுவோம்.

என் படிப்பு எட்டாவது. அதிலும் இரண்டு தடவை உட்கார்ந்து, மூன்றாவது தடவை உட்கார வெட்கப்பட்டு வெளியே வந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை. அங்கே காது போய்விடும் போலிருந்ததால் ஆவடியில் ஒரு கேன்டீன். அங்கிருந்து லாரி கிளீனராகி, விஜயவாடாவில் டிரைவரோடு சண்டை போட்டு இறங்கி, அங்கேயே ஒரு ரேடியோ கடையில் ஆறு மாதம் சால்டரிங் பழகினேன். திரும்பி வந்து பூந்தமல்லி பக்கம் மாடி மாடியாக ஏறி டிவி ஆன்டெனா கட்டினேன். ஒரு மாடியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் ஊரெல்லாம் கேபிள் வந்துவிட்டது. கை சரியானபோது அந்தக் கைக்கு வேலை இல்லை.

அப்புறம்தான் கரையான்சாவடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. முதலாளியின் பெயர் வேண்டாம். வேலை கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை, என் வேலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். அவர் சொன்ன ஒரே விதி இதுதான்: "கழட்டறதுக்கு முன்னாடி கையக் கட்டிகினு ஒரு நிமிஷம் நில்லு. நின்னுட்டு அப்பால இன்னா வேணா பண்ணு." நான் அந்த ஒரு நிமிஷத்தை எப்போதும் மிச்சம் பிடித்தேன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. திரையில் வருவதை வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். இந்த வடிவம் வந்தால் நல்லது, இந்த வடிவம் வந்தால் கெட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். கை ஓடிக்கொண்டிருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், நூம்பலில் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் மையத்தில் ஒரு கீபோர்டு சரியில்லை என்று கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். என்னை அனுப்பினார் முதலாளி. வேலப்பன்சாவடியில் இறங்கி நடந்தேன். பாதி வயலும் பாதி பிளாட்டுமாக இருந்த இடத்தில் ஓர் அஸ்பெஸ்டாஸ் போட்ட கட்டடம். உள்ளே எட்டு மேஜை, எட்டு கம்ப்யூட்டர், எட்டு கீபோர்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. மானிட்டர் மட்டும் ஒன்றுகூட இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

வாசலுக்குப் பக்கத்து மேஜையில் முருகேசன் இருந்தார். என் வயதுதான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் டெலிபோன் பூத் வைத்திருந்தவர், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

"மானிட்டர் எல்லாம் எங்கங்க?" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பாக்கறதுக்கு."

"யாரு பாக்கறதுக்கு அண்ணாத்தே?"

நான் எட்டு மேஜையையும் மறுபடி ஒரு தடவை பார்த்தேன். அவரே இரக்கப்பட்டார். "ஒண்ணே ஒண்ணு பீரோவுல கீது, எடுத்துக்கோ. கண்ணு தெரிஞ்சவங்க யாருனா வந்தா, பாவம், அது இல்லாம அவங்களுக்கு ஒண்ணும் ஓடாதுன்னு வெச்சிகினுகீறோம்."

மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினேன். கீபோர்டில் ஒரு சாவி ஒட்டிக்கொண்டிருந்தது, அது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் என் காதில் வேறொன்று விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளிலிருந்து தீப்பெட்டிக்குள் வெட்டுக்கிளியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். எட்டும் அப்படித்தான் கத்தின. பெட்டிகள் பழுதாகிவிட்டன, பாவம் இவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். பின்பக்கம் திருகு ஒன்று இருந்தது. காலியாக இருந்த ஒரு மேஜையில் அதைத் திருகினேன். வெட்டுக்கிளி நின்று, ஓர் ஆள் மூக்கடைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசுவது கேட்டது. சரியாக்கிவிட்டேன். நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த மேஜை சுகுணாவுடையது. தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சாவியைத் தட்டி, காதைச் சாய்த்தாள்.

"யாரு இத்த தூங்க வெச்சது?"

"ரிப்பேரா இருந்துதும்மா. சரி பண்ணிட்டேன்."

"நல்லாதான இருந்தது."

"ஒரு வார்த்தகூட புரியலியே."

"யாருக்கு?"

"எனக்கு."

"அது உங்களுக்காகப் பேசல அண்ணா," என்றாள். கோபமே இல்லை. திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். பிறகு வெட்டுக்கிளி கத்தக் கத்த, அது சொன்ன ஒவ்வொரு வரியையும் எனக்கு நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். அது நான்கு வரி சொல்லி முடித்தபோது அவள் முதல் வரியில் இருந்தாள். மீதி மூன்றையும் நினைவிலிருந்தே சொன்னாள். எட்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு கோளாறு என்று கூப்பிட்டபோது என்னையே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எந்த வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காதவன் இதில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சுகுணா நூம்பல்காரி. அவள் வீட்டில் எல்லோரும் அந்த வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். வயல் பிளாட்டானதும் அவள் அப்பா, தான் நாற்று நட்ட அதே இடத்துக்கு வாட்ச்மேன் ஆனார். அவள் எட்டு வருஷம் பிரம்பு நாற்காலி பின்னினாள். விரல் நுனியெல்லாம் காய்ப்பு. கீபோர்டு தட்டுவது அவளுக்கு விரலுக்கு ஓய்வு கொடுக்கிற மாதிரி என்பாள்.

இரண்டு வருஷம் போயிற்று. நான் மையத்துக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து யாரோ நல்ல மனுஷர்கள் ஒரு பார்சல் அனுப்பினார்கள். பேசும் மென்பொருளின் புதுப் பதிப்பு, ஒரு கட்டு பிளாப்பி. கூடவே கம்ப்யூட்டருக்குள் சொருக எட்டு அட்டைகள். இனி அந்த டிபன் பாக்ஸ் பெட்டி வேண்டாம், அட்டையே பேசும். வாசலிலிருந்து தள்ளி ஒரு மேஜையில் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் குரல். மெதுவாக, இனிமையாக, ரேடியோவில் செய்தி வாசிப்பது போல. நின்றிருந்தவர்களைப் பார்த்து, "எப்பிடி?" என்றேன். "நல்லாகீது" என்றார்கள். அந்த வார்த்தையை எந்தத் தொனியில் சொன்னார்கள் என்று நான் கவனிக்கவில்லை. காதால் வாழ்கிறவர்கள் நடுவில் இரண்டு வருஷம் இருந்தும் எனக்குக் காது முளைக்கவில்லை.

மறுநாள் எல்லோரும் பூந்தமல்லியில் ஒரு கோயில் விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். திரும்பி வருவதற்குள் எல்லா மெஷினிலும் போட்டு அசத்திவிட வேண்டும் என்று நான் மட்டும் இருந்துவிட்டேன். முருகேசன் வாசலில் நின்று, "அண்ணாத்தே, என்னுது நேத்தே போட்டுட்ட, ஞாபகம் வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு, தோளில் ஒரு துணிப் பையோடு போனார். போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஓர் அட்டை மிச்சம் இருந்தது. ஒன்று கூடுதலாக அனுப்பியிருக்கிறார்கள், எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

பழைய பெட்டிகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அப்புறம் ஒரு பொறுப்பான காரியம் செய்தேன். புதுப் பதிப்பு கெட்டுப்போனால் என்ன செய்வது? ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். வெற்று பிளாப்பி இல்லை. பழைய பதிப்பின் பிளாப்பிகள் இருந்தன, இனி அவை எதற்கு? அவற்றை அழித்து, அவற்றிலேயே புதியதை நகல் எடுத்தேன். மேலே சீட்டு ஒட்டி, பீரோவில் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு என்னைப் போல ஜாக்கிரதையான ஆள் பூந்தமல்லி வட்டாரத்தில் இல்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஏழு மேஜையிலிருந்தும் ரேடியோ அம்மா பேச ஆரம்பித்தார். மற்றவர்கள் அதன் வேகத்துக்குத் தக்கபடி மெதுவாகத் தட்டினார்கள். சுகுணா மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கூட்டக் கூட்ட அந்த அம்மாவின் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் வெறும் முனகலாகிவிட்டது.

"அண்ணா, இது பாயசம் மாதிரி கீது," என்றாள். "மெதுவா ஊத்தினா நல்லாகீது. வேகமா ஊத்தினா எது முந்திரி, எது சேமியான்னு தெரியல. பழசு தகரம். எவ்ளோ வேகமா கொட்டினாலும் தனித்தனியா விழும்."

"பழகிடும்மா."

"வியாழக்கிழமைக்குள்ளயா?"

வியாழக்கிழமை என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரிப் பாகம் விற்கும் கம்பெனி ஒன்று. கடைக்காரர்கள் போனில் கூப்பிட்டு இது இருக்கிறதா, அது எத்தனை இருக்கிறது என்று கேட்பார்கள். ஓர் ஆள் போனைக் காதில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் பார்த்து பதில் சொல்லி, ஆர்டரைத் தட்ட வேண்டும். அந்த நாற்காலிக்குத் தன்னை ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கச் சொல்லி, சுகுணா மூன்று மாதம் நடந்து சம்மதம் வாங்கியிருந்தாள். ஒரு காதில் போன், இன்னொரு காதில் பெட்டி. போனில் இருக்கிற ஆள் தொண்டையைச் செருமுவதற்குள் பெட்டி இருப்பைச் சொல்லிவிட வேண்டும். ரேடியோ அம்மாவை வைத்துக்கொண்டு அது நடக்காது. நடக்காவிட்டால் மறுபடி பிரம்பு.

"பழசையே போட்டுக் குடுத்துடுங்க அண்ணா."

நான் பிளாப்பி விஷயத்தைச் சொன்னேன். நகல் எடுத்த ஜாக்கிரதையையும் சேர்த்துச் சொன்னேன். சுகுணா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப எங்கியும் இல்லியா?"

"இல்ல."

அப்போது வாசல் பக்கம் ஓர் இருமல் கேட்டது.

"அண்ணாத்தே, கோச்சிக்கக் கூடாது," என்றார் முருகேசன். "என்னுதுல நீ ஒண்ணும் போடல."

"போட்டேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். மொத நாளு அந்தக் குரலக் கேட்டேன். தப்பா தட்டினா, எங்க மூணாங் கிளாஸ் டீச்சர் திட்டற மாதிரியே கீது. பழசு திட்டினா மெஷின் திட்டுதுன்னு உட்டுடலாம்."

"பெட்டி எங்க? மேஜை மேல இல்லியே."

"பையில போட்டுக்கினு கோயிலுக்குப் பூட்டேன். நீ பரணுல ஏத்திடுவன்னு தெரியும். சாமியாண்ட ஒருக்கா காட்டிட்டு எட்தாந்தேன்."

தம்பி, தங்கைகளே, அதற்குப் பிறகு எனக்குப் பொய் சொல்லுகிற பயனாளி மேல் பெரிய மரியாதை உண்டு. "போட்டாச்சு சார்" என்று ஒருவர் சொல்லி, உங்கள் கையில் ஓர் அட்டை மிச்சம் இருந்தால், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உட்கார வைத்து, எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். ஏழு பேர் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதை அவர் ஒருத்தர் சொல்லியிருப்பார்.

புதுப் பிளாப்பிகள் வாங்கி வந்து, முருகேசன் மெஷினிலிருந்து பழைய பதிப்பை மூன்று நகல் எடுத்தேன். ஒன்றை அவரிடமே கொடுத்தேன், அவர்தான் நம்பிக்கையான ஆள்.

வியாழக்கிழமை காலை நானும் சுகுணாவும் வேலப்பன்சாவடியில் பஸ் ஏறினோம். முருகேசனின் பெட்டி ஒயர் கூடையில், கூடை அவள் மடியில். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"கூடையில இன்னாம்மா?"

"பேசற பொட்டி."

"பேசினா டிக்கெட் எடுக்கணும்."

"அம்பத்தூர் வரைக்கும் வாயத் தொறக்காது. நான் பொறுப்பு," என்றாள். அது அன்றைக்கு எவ்வளவு சரியாகப் பலிக்கப் போகிறது என்று தெரியவில்லை.

கம்பெனியில் மேனேஜர் தன்மையான மனுஷர். அவருக்கு நம்பிக்கை இல்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை. "பத்தரைக்கு ஆரம்பிக்கணும்மா. பக்கத்து ரூம்லேர்ந்து எங்க ஆளுங்க ரெண்டு பேர் கஸ்டமர் மாதிரி போன் பண்ணுவாங்க. பன்னெண்டு கால். பதினொண்ணுக்கு முதலாளிகிட்ட நான் ரிசல்ட் சொல்லணும். இன்னொரு நாள்னு கேக்க முடியாது. முடியலன்னா வருத்தப்படாத."

"வருத்தப்பட எங்க சார் நேரம்? முடியலன்னா நாற்காலி ஆர்டர் எட்டு நிக்குது," என்றாள்.

பழைய பதிப்பை அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டேன். பெட்டியின் ஒயரை மெஷினுக்குப் பின்னால் இருந்த இரண்டு துளைகளில் காலியாக இருந்ததில் சொருகினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எனக்குத் தெரிந்த நல்ல வடிவம், தயார் என்பதற்கான வடிவம், கடைசி வரியில் வந்தது. பெட்டி பேசவில்லை.

மறுபடி போட்டேன். பேசவில்லை. இரண்டாவது நகலைப் போட்டேன். பேசவில்லை. மணி பத்து பத்து. கரையான்சாவடி முதலாளியின் ஒரு நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவேயில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியையே திறந்துவிட்டேன். ஒரு ஸ்க்ரூ உருண்டு மேஜைக்கு அடியில் போனது. நான் அதன் பின்னால் போனேன். அங்கிருந்து பார்த்தால் மேனேஜரின் செருப்பு தெரிந்தது. அது தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து மெதுவாகச் சொன்னேன். "பெட்டி போயிடுச்சி போலகீதும்மா."

"அண்ணா, அந்த டிரைவரக் கீழ வைங்க. வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன்."

"ஸ்கிரீன்ல இன்னா கீது?"

"ரெடின்னு வந்திருக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"ஏதேதோ வந்திருக்கு."

"அந்த ஏதேதோவப் படிங்க."

நான் குனிந்து அவள் காதருகில் சொன்னேன். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதும்மா."

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. "அப்ப இவ்ளோ நாளா எப்பிடி?"

"வடிவத்த வெச்சி."

"எழுத்து தெரியுமா?"

"தெரியும். சேத்துப் படிக்கத்தான் வராது."

கொஞ்சம் யோசித்தாள். "அது போதும். எழுத்தெழுத்தா சொல்லுங்க. பொட்டிக்கு மட்டும் அர்த்தமா தெரியும்? பாத்தத சொல்லும், அவ்ளோதான. மேல்லேர்ந்து ஆரம்பிங்க. ஒண்ணும் உடாதீங்க."

ஆரம்பித்தேன். முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"வேகமா."

வேகமாகச் சொன்னேன்.

"இன்னும் வேகமா. ராகம் போடாதீங்க. புள்ளி வந்தா புள்ளின்னு சொல்லுங்க."

ராகத்தை விட்டேன். புள்ளியைச் சேர்த்தேன். போன் பண்ண வேண்டிய இரண்டு பேரும் பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றுவிட்டார்கள். மேனேஜர் அவர்களிடம் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது: "பேசற பொட்டின்னாங்களே, இவர்தானா?"

வெட்கப்பட நேரமில்லை. செய்த கம்பெனியின் பெயர், வருஷம், நீளமான நம்பர், கீபோர்டைப் பற்றி ஏதோ ஒன்று. எதற்கும் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்துக்கொண்டே போனேன். ஐந்தாவது வரியின் முடிவில் அவள் கையைத் தூக்கினாள்.

"நில்லுங்க. பொட்டி ஒண்ணாம் நம்பர்லகீதுன்னு அது நெனச்சிகினுகீது. ஒயர எதுல சொருவினீங்க?"

"ரெண்டாவதுல."

"ஏன்? நம்ம இடத்துல ஒண்ணுலதான கீது."

"இங்க ஒண்ணுல மவுஸ் இருந்துது."

"எது?"

"மவுஸ்மா. கையில புடிச்சி நவுத்துவாங்க, ஸ்கிரீன்ல அம்புக்குறி நவுரும்."

"அத்த வெச்சி இங்க யாரு இன்னா பண்றாங்க?"

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். "ஒண்ணும் பண்றதில்ல," என்றார். "மெஷினோட வந்துது. இருக்கட்டும்னு வெச்சிருக்கோம்."

நம் மையத்தில் மவுஸே கிடையாது. ஒன்றாம் துளை எப்போதும் பெட்டிக்குத்தான். அதனால் அந்த ஐந்தாவது வரி அங்கே ஒரு நாளும் யாருக்கும் தேவைப்படவில்லை. என் கண் ஒவ்வொரு தடவையும் நேராகக் கடைசி வரிக்குத் தாண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தாண்ட முடியும். காதுக்கு முடியாது, வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

மவுஸைப் பிடுங்கினேன். பெட்டியை ஒன்றில் சொருகி, ஒரு ஸ்க்ரூ குறைவாக மூடி, மெஷினை மறுபடி கிளப்பினேன். வெட்டுக்கிளி கத்தியது. அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மேனேஜர் பதறினார். "என்னங்க இது, ரிப்பேரா? கொஞ்சம் மெதுவா வைங்க," என்று பின்பக்கத் திருகுக்குக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஒரு மேனேஜரின் கையை அதற்கு முன்னும் பின்னும் நான் பிடித்ததில்லை.

"தொடாதீங்க சார். அது உங்களுக்காகப் பேசல."

மணி பத்து இருபத்தெட்டு. சுகுணா வலது காதில் போனை வைத்துக்கொண்டாள். இடது காது பெட்டிக்கு.

முதல் போன் வந்தது. கிளட்ச் பிளேட் கேட்டார்கள். கேட்ட ஆள் வாக்கியத்தை முடிக்கும்போது அவள் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது, மூன்றாவது. பக்கத்து அறைக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. இல்லாத சாமானைக் கேட்டார்கள். பாதியில் மனசு மாற்றினார்கள். ஒருவர் வேண்டுமென்றே இருமினார். அவள் எல்லோருக்கும் "சொல்லுங்க சார்" என்றாள், தட்டினாள், அடுத்ததை எடுத்தாள். நடுவில் ஒரு போன் மட்டும் கொஞ்சம் நீண்டது. அவள், "கத்தாதீங்க சார், தேதி சொல்லுங்க, பாக்கறேன்" என்றாள். மேனேஜர் பக்கத்து அறைப் பக்கம் பார்த்து, ரொம்பத்தான் நடிக்கிறான்கள் என்பது போலத் தலையாட்டினார்.

பதினொன்றுக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது போனை வைத்தாள். மேனேஜர் ஒவ்வொரு போனுக்கும் அவள் தட்டிய பதிவுகளை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"பன்னெண்டுதான பண்ணச் சொன்னேன்? இதுல பதிமூணு இருக்கு."

பக்கத்து அறைக்காரர்கள் தாங்கள் பன்னிரண்டுதான் என்று சத்தியம் பண்ணினார்கள்.

"ஏழாவதா வந்தவரு திருவள்ளூர்லேர்ந்து சார்," என்றாள் சுகுணா. "போன வாரம் ஃபேன் பெல்ட் சைஸ் மாத்தி அனுப்பிட்டீங்களாம். ரொம்பக் கோவமா இருந்தாரு. ஆர்டரப் பாத்தேன், அவரு சொல்றது சரிதான். மாத்தி அனுப்பறதா எழுதியிருக்கேன். அது சோதனையில சேராதுன்னா அழிச்சிடலாம்."

மேனேஜர் அந்த ஏழாவதைத் திரையில் குனிந்து படித்தார். எழுத்தெழுத்தாகப் படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் ஆயிற்று.

"அழிக்க வேணாம்," என்றார். "திங்கட்கிழமை ஒம்பதரைக்கு வந்துடும்மா." பிறகு தயங்கி, "அந்தப் பொட்டி சத்தம்தான், மத்தவங்க வேலை பாக்கணுமில்ல..." என்றார்.

"இயர்போன் மாட்டிக்கறேன் சார்."

"மானிட்டர்?"

"இருக்கட்டும் சார். கண்ணு தெரிஞ்சவங்க யாருனா வந்தா வேணுமே."

அதற்கப்புறம் நான் செய்த முதல் வேலை, பரணிலிருந்து ஏழு பெட்டிகளையும் இறக்கியது. இரண்டாவது வேலை, முருகேசன் மேஜையில் அந்த ஒற்றை மானிட்டரை மாட்டி, பெட்டியை மெதுவாக வைத்து, அது சொல்லச் சொல்லத் திரையில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தது. நான் இங்கிலீஷ் படிக்கப் பழகியது அப்படித்தான். இன்றைக்கும் எனக்கு அந்தப் பெட்டியின் மூக்கடைத்த உச்சரிப்புதான். சுகுணா கம்பெனிக்கு ஒவ்வொரு புதுப் பதிப்பு வந்தபோதும் பிளாப்பியை அவள் மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். மூன்று தடவை வேண்டாம் என்றிருக்கிறாள்.

நீங்கள் போடப் போகும் பதிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பழையதை அழிக்கும் முன் அந்த ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதைக் காதால் கேட்கப் போகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். "நல்லாகீது" என்றால் எந்தத் தொனியில் சொன்னார் என்றும் கேளுங்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். கூடை காலியாக இருந்தது, பெட்டியை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். வெகு நேரம் தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"நான் படிச்சது ரொம்ப மோசமா இருந்துதாம்மா?"

"இல்லண்ணா, நல்லாத்தான் படிச்சீங்க. வேகம்கூடப் பரவால்ல."

நான் தொனியைக் கவனித்தேன். "ஆனா?"

"நடுவுல நடுவுல மூச்சு வாங்கினீங்க," என்றாள் சுகுணா. "அந்தப் பொட்டி வாங்காது."